மதாம் ஓட்டுப் போட்டுவிட்டார்

எங்கள் தெருவில் மதாமின் ஓடிபி எண் தெரியாதவர் யாரும் கிடையாது. கீழே என் கடையில் உட்கார்ந்து நான் அவருக்காகக் கம்ப்யூட்டரில் எதையாவது கட்டுவேன், பதிவு செய்வேன், புதுப்பிப்பேன். மேலே அவர் போனில் 'டிங்' என்று சத்தம் வரும். அடுத்த நிமிடம் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகக் கத்துவார். "நாலு... ஏழு... மறுபடியும் நாலு... கேக்குதா?" கேட்காமல் என்ன, உப்பளம் மைதானத்தில் பந்து விளையாடுகிறவர்களுக்கே கேட்கும். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அந்தச் செய்தியிலேயே எழுதியிருக்கிறது, நீங்கள் தெருவுக்கே ஏலம் விடுகிறீர்களே மதாம் என்று நான் சிரித்தால், "எங்கிட்ட இன்னா இருக்குது திருட? வயசத் திருடிக்கினு போவட்டும்" என்பார்.

மதாம் என்றதும் வெள்ளைக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். என்னைவிடக் கறுப்பு. பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஊர் இந்தியாவுக்குக் கைமாறிய காலத்தில் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், சொல்தா, அதாவது சிப்பாய் வீடு என்றால் இன்றைக்கும் ஆட்டோக்காரர்கள் சரியாகக் கொண்டுவந்து விடுவார்கள். அவர் போய்ப் பல வருடமாகிறது. ஒரே மகன் பாரீசுக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறார். எண்பதைத் தொடப்போகும் வயதில் மதாம் மாடியில் தனியாக இருந்தார், தானே சமைத்துத் தானே சாப்பிட்டு, பக்கத்து வீட்டுச் சண்டைக்கும் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு. கீழே முன்னறையை எனக்குக் கடைக்கு விட்டிருந்தார்.

என் கடை என்றால் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கைரேகை வைக்கிற ஒரு சின்னக் கருவி. ஆதார் திருத்தம், கரண்ட் பில், சாதிச் சான்றிதழ், ரயில் டிக்கெட். அரசாங்கம் ஒவ்வொரு கவுண்டராக மூட மூட என் கடையில் கூட்டம் ஏறியது. முன்பு ஆபீசில் போய் ஒரு ஆளைப் பார்த்துக் கெஞ்சினால் நடந்த காரியத்துக்கு இப்போது கெஞ்சுவதற்குக்கூட ஆள் இல்லை. அதனால் என்னிடம் வந்து கெஞ்சினார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். பாகூர்ப் பக்கம் வயல்காட்டில் பிறந்த பெண்ணான என்னை, தாசில்தாரைக் கும்பிடுவதுபோல் நாலு பேர் கும்பிட்டால் கசக்குமா?

மதாமின் காரியங்கள் எல்லாம் நான்தான். சிலிண்டர் பதிவு, தண்ணீர் வரி, வங்கி. பிரான்சிலிருந்து வரும் பென்ஷனுக்கு, உயிரோடு இருக்கிறேன் என்று வருடாவருடம் காட்ட வேண்டும். அதையும் போனில் முகத்தைக் காட்டிச் செய்யும்படி மாற்றினார்கள். தலையைத் திருப்பு, கண்ணைச் சிமிட்டு என்று அந்த ஆப் கேட்கும். "செத்தவ கண்ணடிக்க மாட்டான்னு கண்டுபுடிச்சிருக்கானுங்க" என்று மதாம் என்னைப் பார்த்து ஒரு கண்ணடித்தார். அவருக்கு ஒரு ஈமெயில் முகவரி இருந்தது. அதைத் திறந்தது நான், பாஸ்வேர்டு வைத்தது நான், படிப்பதும் நான். அது அவருடையது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஒன்றே ஒன்றை மட்டும் அவர் என்னிடம் கொடுத்ததில்லை. ஓட்டு.

பிரான்ஸ் நாட்டுத் தேர்தலுக்கு இங்கே இருக்கிற பிரெஞ்சுக் குடிமக்களும் ஓட்டுப் போடலாம். ஊருக்குள் ஒரு பள்ளிக்கூடத்தில் சாவடி வைப்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மதாம் உடுத்துவதுபோல் கிறிஸ்துமசுக்குக்கூட உடுத்த மாட்டார். மாம்பழ நிறப் பட்டு, கறுப்புத் தோல் பை, பழைய சென்ட். நான் கூடப் போவேன், ஆட்டோவிலிருந்து கைபிடித்து இறக்க. முதல் முறை போனபோது உள்ளே என்னதான் நடக்கிறது என்று கேட்டேன்.

"மேசமேல ஒவ்வொரு ஆளு பேருக்கும் ஒரு சீட்டு அடுக்கியிருக்கும். எல்லாத்துலயும் ஒண்ணொண்ணு எடுத்துக்கினு தெரைக்குப் பின்னால போவணும். வேணுங்கறத உறையில போட்டு, மிச்சத்தக் கசக்கிப் போட்டுடணும். அப்புறம் கண்ணாடிப் பொட்டியில உறையப் போடணும். போட்ட ஒடனே அங்க குந்தியிருக்கிற ஆபீசரு எம்பேர முழுசா, எங்கப்பா வச்ச பேரோட, சத்தமா சொல்லுவாரு. சொல்லிட்டு, 'ஆ வோத்தே!' ஓட்டுப் போட்டாச்சுன்னு அர்த்தம். அந்த ஹாலுக்கே கேக்கும்."

எங்கள் சாவடியிலும்தான் பேரைப் படிக்கிறார்கள் மதாம் என்றேன். "ஒங்க சாவடியில கட்சிக்காரன் லிஸ்ட்ல கோடு போட்டுக்கறதுக்காகப் படிக்கறான். அது வேற" என்றார்.

பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட உயிரோடு யாரும் இல்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்தார்கள். புருஷன் கடைசிவரை 'ஏய்' என்றுதான் கூப்பிட்டாராம். மகனுக்கு அம்மா, தெருவுக்கு மதாம், சர்ச் பாதருக்கும் மதாம். சில வருடங்களுக்கு ஒருமுறை, ஒரு ஹால் நிறைய ஆட்களுக்கு நடுவில், யாரோ ஒரு ஆபீசர் வாயிலிருந்து அது வெளியே வரும். யாருக்கு ஓட்டுப் போடுகிறார் என்று மட்டும் சொல்ல மாட்டார். "எங்கூட்டுக்காரருகிட்டயே சொன்னதில்ல, ஒங்கிட்ட சொல்லுவனா?"

ஒரு வருடம் ஜூன் மாதத்தில் திடீரென்று பிரான்சில் ஒரு தேர்தல் அறிவித்தார்கள். இங்கே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மதாமின் முழங்கால் வீங்கியிருந்தது, மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் ஒரு 'மோந்தியே', கடவுளே என்று சொல்லித்தான் இறங்குவார். இந்த முறை ஓட்டை இன்டர்நெட்டிலேயே போடலாம் என்று ஈமெயில் வந்தது. ஒரு எண் மெயிலில் வரும், இன்னொரு எண் போனில் வரும், இரண்டையும் போட்டால் பக்கம் திறந்துகொள்ளும். தெருவிலிருந்த இரண்டு பென்ஷன்காரர்கள் என் கடைக்கே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, இங்கே அழுத்து என்று விரல் காட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். ஐந்து நிமிட வேலை.

அந்த வாரம் வியாழக்கிழமை மதியம்தான் இன்டர்நெட் ஓட்டுக்குக் கடைசி நேரம். கடையில் கூட்டம் இல்லை. மதாமின் மெயிலும் என் எதிரே திறந்திருந்தது. இந்தக் காலோடு, இந்த வெயிலில், அங்கே போய் வரிசையில் நிற்கப்போகிறாரே என்று நினைத்தேன். அது உண்மை. ஆனால் அது மட்டும்தான் உண்மை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். கை பழகிவிட்டது, அதுவும் உண்மை. கட்டம் காலியாக இருந்தால் நிரப்புவது, எண் வந்தால் போடுவது, பச்சைப் பொத்தான் தெரிந்தால் அழுத்துவது. நாள் முழுக்க அடுத்தவர் பேரில் அதைத்தானே செய்கிறேன். போனுக்கு எண் அனுப்பு என்ற இடத்தில் அழுத்தினேன்.

மேலே 'டிங்'. செருப்பை இழுத்துக்கொண்டு வரும் சத்தம். கைப்பிடிச் சுவருக்கு மேலே அவர் தலை தெரிந்தது.

"ஏம்மா, நம்பரு வந்துருக்குது. இன்னாத்துக்கு?"

"சிலிண்டருக்கு, மதாம்."

ஏன் அப்படிச் சொன்னேன்? ஓட்டு என்று சொல்லியிருந்தால், "யாரக் கேட்டுடீ கை வச்ச?" என்று ஒரு கத்து கத்தியிருப்பார், நானும் விட்டிருப்பேன். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்ததனால்தான் சிலிண்டர் என்று சொன்னேன். அவர் வழக்கம்போல் ஒவ்வொரு எண்ணாகத் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். நான் ஒவ்வொன்றாகப் போட்டேன்.

பக்கம் திறந்தது. வரிசையாகப் பேர்கள். பாதிப் பேரை வாசிக்கவே எனக்குத் தெரியவில்லை. பாகூர்க்காரி பிரான்சுக்கு எம்.பி. தேர்ந்தெடுக்கிறாள் என்று உள்ளுக்குள் ஒரு சிரிப்பு ஓடியது. நடுவில் ஒரு பெண் பேர் இருந்தது. பெண்ணாயிற்றே என்று அதில் அழுத்தினேன். கட்சி என்ன, அவள் யார் என்றெல்லாம் பார்க்கவில்லை. நன்றி, உங்கள் ஓட்டு பதிவானது என்று வந்ததும் ஜன்னலை மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

சாயங்காலம் மேலே போய்ச் சொல்லலாம், சந்தோஷப்படுவார் என்று படியேறினேன். மதாம் கட்டிலில் மாம்பழப் பட்டை விரித்துப்போட்டு, ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கெழம சீக்கிரம் வந்துடு. வெயிலுக்கு முன்னால போயிட்டு வந்துடலாம்" என்றார். நான் சரி மதாம் என்றேன். எதற்கு வந்தாய் என்று கேட்டார். சும்மாதான் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அதற்குப் பிறகு ஞாயிறு வரைக்கும் நான் கேவலமான பிரார்த்தனை எல்லாம் செய்தேன். மழை கொட்ட வேண்டும். முழங்கால் இன்னும் வீங்க வேண்டும், கடவுளே, கொஞ்சமாக. ஒருவேளை இன்டர்நெட்டில் போட்டது சாவடிக்குத் தெரியாமலே போகலாம், நம் ஊர் சர்வர் மாதிரி அவர்கள் சர்வரும் படுத்துக்கொள்ளலாம். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "வாய மூடிக்கினு இரு. அடுத்தவங்க ஓட்டப் போட்டன்னு தெரிஞ்சா கடைய இழுத்துப் பூட்டிடுவானுங்க" என்றார். மூடிக்கொண்டேன்.

ஞாயிறு காலையில் மதாம் முகம் நிறைய பவுடரோடு ஆட்டோவில் ஏறினார். சாவடியில் நான் இந்தியப் பிரஜை என்பதால் கயிறு கட்டியிருந்த இடத்துக்கு இந்தப் பக்கம் நின்றேன். மதாம் சீட்டுகளை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனார். வாக்காளர் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண் ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்தினாள். மெதுவாக ஏதோ சொன்னாள். மதாம் 'நோ' என்று தலையாட்டினார். அவள் மறுபடியும் சொன்னாள். பக்கத்தில் இருந்த நம்மூர் உதவியாளர், வரிசைக்கே கேட்கும் குரலில் தமிழில் சொன்னார்.

"மதாம், நீங்க ஏற்கெனவே இன்டர்நெட்ல போட்டுட்டீங்க. பேருக்கு நேரா விழுந்துருக்குது. ரெண்டு வாட்டி போட முடியாது."

"நான் போடல, முசே."

"உங்க பேருல வேற யாராவது போட்டிருந்தா இப்பவே சொல்லுங்க. எழுதிக் குடுத்தா விசாரிப்பாங்க. பெரிய குத்தம் அது, சும்மா விட மாட்டாங்க."

மதாம் திரும்பிப் பார்த்தார். ஹாலில் அத்தனை பேர் இருந்தும் நேராக என்னைத்தான் பார்த்தார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்திருக்க வேண்டும். சொல்லிவிடு, நான்தான் என்று சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. கடை, கடன், பிள்ளையின் படிப்பு, எல்லாம் வாய்க்குள் வந்து அடைத்துக்கொண்டன.

மதாம் மேசைப் பக்கம் திரும்பிச் சிரித்தார். பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டு, தமிழிலும் சொன்னார். "அட ஆமா. நான்தான் போட்டேன். மறந்துட்டேன் பாருங்க. வயசாயிடுச்சு."

வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். அவருக்குத் தெரிந்தவர்கள்தான், சர்ச்சில் பக்கத்தில் உட்காருகிறவர்கள். எடுத்த சீட்டுகளை மதாம் ஒவ்வொன்றாக அதனதன் அடுக்கில் திருப்பி வைத்தார். பேரை யாரும் கூப்பிடவில்லை.

ஆட்டோவில் மதாம் கறுப்புத் தோல் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் இறங்கி, பையிலிருந்து சாவியை எடுத்தார். முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"சிலிண்டரு எப்ப வரும்?"

நான் அழுதேன். மன்னித்துவிடுங்கள் மதாம், வெயிலென்று நினைத்தேன், கால் வலியென்று நினைத்தேன் என்று ஏதேதோ சொன்னேன். "சரி, அழாத. தெருவுல நிக்கற" என்று சொல்லிவிட்டு, தனியாகவே படியேறிப் போனார். அடுத்த நாள் காலையில் வழக்கம்போல் கரண்ட் பில்லைக் கயிறு கட்டிய கூடையில் வைத்து இறக்கினார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அதோடு முடிந்திருந்தால், ஒரு தவறு செய்தோம், ஒரு பெரிய மனுஷி பொறுத்துக்கொண்டார் என்று நான் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் நாங்கள் ஆட்டோவில் வீடு வந்து சேர்வதற்குள் வாட்ஸாப்பில் செய்தி பாரீசுக்குப் போய்விட்டது. வரிசையில் நின்றவர்களில் யாரோ மகனுக்கு அனுப்பியிருந்தார்கள். பாவம் உங்கள் அம்மா, ஓட்டுப் போட்டதையே மறந்துவிட்டு மறுபடி வந்து நிற்கிறார், தனியாக விட்டுவைக்காதீர்கள்.

அந்த வாரமே மகன் என் நம்பருக்குக் கூப்பிட்டார். "ஏம்மா, கீழயேதான இருக்கீங்க. அம்மாவுக்கு மறதி இருக்குதா? அடுப்ப அணைக்காம விட்டுடறாங்களா? கதவத் தொறந்து போட்டுடறாங்களா? உண்மையச் சொல்லுங்க."

உண்மையைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டார். இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. நான் சொன்னது இது: "எனக்குச் சரியாத் தெரியலண்ணா. வயசாவுது இல்லிங்களா."

"புரியுதும்மா" என்றார். என்ன புரிந்தது என்று எனக்கும் புரிந்தது.

முதலில் கேமரா வந்தது. மாடிக் கூடத்தில் ஒன்று, படிக்கட்டுக்கு மேலே ஒன்று. பாரீசிலிருந்தே போனில் பார்க்கலாம், பேசலாம். பார்சலைப் பிரித்து, ஏணி போட்டு ஏறி, வைஃபையோடு இணைத்தது யார் என்று சொல்ல வேண்டுமா? தெருவில் இந்த வேலை தெரிந்தவள் நான்தானே. மதாம் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார், நான் விழுந்துவிடக் கூடாதென்று. "நல்லா முறுக்கி வை. அவன் அம்மாவ நல்லாப் பாக்கட்டும்" என்றார். பிறகு காஸ் அடுப்பு போய், தானே அணைந்துகொள்ளும் கரண்ட் அடுப்பு வந்தது. சிலிண்டரைக் கொண்டுபோக ஆள் வந்த அன்று நான் கடையைச் சாத்திவிட்டு எங்கேயோ போய்விட்டேன்.

ஆகஸ்டில் மகன் நேரிலேயே வந்தார். நல்ல மனிதர், அதையும் சொல்லிவிட வேண்டும். அம்மா விழுந்து கிடந்து யாரும் பார்க்காமல் போய்விடுமோ என்று தூக்கமில்லாமல் தவிக்கிற முகம். வாசலில் நின்று என்னிடம், முதியோர் இல்லம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். அறை காற்றோட்டமாக இருக்கிறதாம். வீட்டை என்ன செய்வது என்று பிறகு யோசிக்க வேண்டுமாம். டாக்டரிடம் கூட்டிப்போனார். இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்று டாக்டர் கேட்க, மதாம் தமிழிலும் பிரெஞ்சிலும் கழித்துக் காட்டியிருக்கிறார். ஆனால் ஓட்டு விஷயத்தை மகன் சொன்னதும் டாக்டர், ஆரம்பத்தில் அப்படித்தான் வந்து வந்து போகும் என்று மாத்திரை எழுதிவிட்டார்.

அன்று சாயங்காலம் நான் மாடிக்குப் போனேன். இல்லம் என்ற வார்த்தை காதில் விழுந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கடை போனால் போகட்டும் என்று முடிவு செய்துதான் போனேன். கூடத்தில் மகன் இருந்தார், மதாம் நாற்காலியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அண்ணா, அந்த ஓட்ட அவங்க போடல. நான்தான் போட்டேன். சிலிண்டருன்னு பொய் சொல்லி நம்பர் வாங்கிப் போட்டேன். அவங்களுக்கு மறதி கிடையாது. என்னக் காப்பாத்தத்தான் அங்க அப்படிச் சொன்னாங்க."

அவர் அம்மாவைப் பார்த்தார். மதாம் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அவ சும்மா சொல்றா. நான் இல்லத்துக்குப் போயிடக் கூடாதுன்னு சொல்றா. நான்தான் போட்டேன்."

"மதாம்!"

"நான்தான்டீ போட்டேன். கீழ போ. கடையில ஆளு நிக்குது."

கடையில் யாரும் இல்லை. மகன் என்னோடு படிவரை வந்தார். கண் கலங்கியிருந்தது. "உங்க நல்ல மனசு எனக்குப் புரியுது. அவங்க மேல இவ்வளவு பாசம் வச்சிருக்கீங்க. அவங்க பழிய நீங்க ஏத்துக்க வேணாம்மா" என்றார். நான் சத்தியம் செய்தேன். மெயிலைத் திறந்து காட்டுகிறேன் என்றேன். அந்த மெயில் அம்மாவுக்கு வந்ததுதானே, போனும் அம்மாவுடையதுதானே என்றார். எல்லாம் அவருடையதுதான். என் கை அதில் பட்டதற்கு எங்கும் அடையாளமே இல்லை. நேரத்தில் சொல்லாத உண்மையை யாரிடமும் தள்ளிவிட முடியாது என்று அன்று தெரிந்துகொண்டேன். அது என்னிடமே இருக்கிறது.

இல்லம் வேண்டாம் என்று மதாம் பிடிவாதமாக நின்று ஜெயித்தார். ஆனால் வீடு பழைய வீடாக இல்லை. பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாளை வைத்தார்கள். அந்த அம்மாளுக்கு மகனின் கண்டிப்பான உத்தரவு: தனியாகப் படியிறங்க விடக் கூடாது. பெரியவர்களை ஏமாற்றிப் பணம் பறிக்கிறார்களே, இவர் வேறு மறக்கிறார் என்று போனை என் கடையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார் மகன். எனக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள். திருடியவளிடமே சாவியைக் கொடுத்தார், பாசக்காரி என்று. இப்போதெல்லாம் எண் வந்தால் என் மேசையிலேயே 'டிங்' என்கிறது. மாடியிலிருந்து யாரும் கத்துவதில்லை. தெருவே ஊமையாகிவிட்டது என்று பால்காரர் ஒருநாள் சொன்னார், நான் காதில் விழாததுபோல் பிரிண்டருக்குத் தாள் வைத்தேன்.

இந்த வருடம் மறுபடியும் ஒரு தேர்தல் வந்தது. இங்கே இருக்கிற பிரெஞ்சுக்காரர்களுக்குப் பிரதிநிதி தேர்ந்தெடுக்கிற சின்னத் தேர்தல். மெயில் வந்ததும் அச்சடித்து எடுத்துக்கொண்டு மேலே போனேன். நேரில் போகலாம் மதாம், நான் அண்ணனிடம் பேசி அனுமதி வாங்குகிறேன் என்றேன். மதாம் கேமராவைக் காட்டி, கையை மட்டும் வேண்டாம் என்று ஆட்டினார்.

"அங்க போனா அந்த முசே, 'மதாம், இந்த வாட்டி ஞாபகம் இருக்குதா?'ன்னு கேப்பான். சிரிப்பானுங்க. நீ அந்தப் பொட்டியக் கொண்டா. இங்கயே போடறேன்."

லேப்டாப்பையும் அவர் போனையும் எடுத்துப்போய் அவர் எதிரே வைத்தேன். போனில் எண் வந்தது. கண்ணாடியை ஏற்றிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக அவரே படித்தார், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி. பேர்கள் வந்தன. என்னை ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். நின்றேன். வெளியே வெயிலில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"போன வாட்டி யாருக்குடீ போட்டேன் நான்?" என்றார் என் முதுகுக்குப் பின்னாலிருந்து. அதுவரை ஒருநாள் கூட அவர் இதைக் கேட்டதில்லை.

"ஒரு லேடிக்கு, மதாம். பேரு ஞாபகம் இல்ல."

"அது சரி" என்றார். பொத்தான் அழுத்தும் சத்தம் கேட்டது. "முடிஞ்சிது. திரும்பு."

திரும்பினேன். மாம்பழப் பட்டு இல்லை, பவுடர் இல்லை, வீட்டு நைட்டியில் உட்கார்ந்திருந்தார். திரையில் நன்றி என்று ஒரு வரி இருந்தது.

"சொல்லு" என்றார்.

"இன்னாத்த மதாம்?"

"எம்பேரு. அங்க சொல்லுவாங்கள்ள, அந்த மாதிரி. முழுசா."

இத்தனை வருடத்தில் அந்தப் பேரை நான் ஆயிரம் கட்டங்களில் தட்டியிருக்கிறேன், ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை. சொன்னேன். பாதிதான் வந்தது. இன்னும் சத்தமா என்றார். நிமிர்ந்து நின்று, அவர் அப்பா வைத்த பேரை, புருஷன் வீட்டுப் பேரோடு சேர்த்து, வீடு அதிரச் சொன்னேன். "ஆ வோத்தே!" என்றும் கத்தினேன். மதாம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சுவரிலிருந்த கேமரா கரகரத்தது. பாரீசிலிருந்து மகன் குரல் வந்தது. "என்னம்மா சத்தம்? யாரு கத்தறது? என்னாச்சு?"

மதாம் கண்ணைத் திறக்கவில்லை. "ஒண்ணுமில்லடா. எம்பேரு மறந்துபோச்சு. அதான் இவளச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கினு இருக்கேன்."

கிண்டல்தான் அது. அந்தத் தெருவில் யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். கேமராவிலிருந்து மகன் மிகவும் மென்மையாகக் கேட்டார்.

"மாத்திரை போட்டீங்களாம்மா?"

மதாம் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். மேசைமேல் இருந்த மாத்திரை டப்பாவை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.